மூன்றாவது முள்

இறந்தவர்கள் என் திரையில்
மேலிருந்து கீழாகத்தான் வருவார்கள்.
முதலில் முடி. பிறகு நெற்றி.
புருவத்தில் நின்றுவிடுவார்கள்.
பக்கத்து நாற்காலியில் மகனோ மருமகளோ
மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள்.
கண் வர இரண்டு நிமிடம்,
மீசைக்கு இன்னும் ஒன்று.
கண்ணீர் அஞ்சலி, ஆறுக்கு நாலு பிளெக்ஸ்,
பொழுது சாய்வதற்குள் சூளை முழுக்கக் கட்டியாக வேண்டும்.

ரிச்சி தெருவில் எட்டு ஜிபி ராமும்
ஒரு எஸ்.எஸ்.டி.யும் வாங்கினேன்.
வீட்டுக்கு வந்து மாட்டித்தர ஐந்நூறு என்றார் தஸ்தகீர் பாய்.
ஐந்நூறு எனக்கு ஒரு சாவின் கூலி.
நானே மாட்டிக்கிறேன் பாய்.

ஆனால் அதற்கும் முன்னால்
மூன்றாவது முள்.
இந்த வீட்டு ப்ளக் பாயிண்டில்
மேலே இருக்கும் பெரிய துளை, வெறும் துளை.
பின்னால் ஒயரே கிடையாது.
ஏழு வருடமாகக் கேபினெட்டில் முழங்கால் பட்டால்
சுருக்கென்று ஓர் எறும்பு.
"யாருக்கு என்னம்மா ஆயிடுச்சு?" என்றார்
வீட்டுக்காரர் மாசிலாமணி.
மாடியில் அவருடைய ஃபிரிட்ஜுக்கு எர்த் இருந்தது.
எலக்ட்ரீஷியனை வைத்துப் பச்சை ஒயர் இழுத்தேன்,
வாடகையில் கழித்தேன்.
அவர் இன்னும் என்னோடு பேசவில்லை.

ஞாயிறு. வெளியே மழை.
நைலான் நைட்டியைக் களைந்து பருத்தி உடுத்தினேன்.
வளையல்கள் ஜன்னல் விளிம்பில்.
முகங்களை எல்லாம் முந்தைய இரவே
இரண்டு இடத்தில் நகலெடுத்தாயிற்று.
ப்ளக்கைப் பிடுங்கிய பிறகும்
பவர் பட்டனை ஒருமுறை அழுத்தினேன்:
விசிறி அரைச் சுற்று சுற்றி அடங்கியது.
உள்ளே தங்கியிருந்த கொஞ்சம்.

வெற்று இரும்பில் உள்ளங்கையை வைத்தேன்.
என்னிடம் இருப்பதை முதலில் உனக்குக் கொடுத்துவிடுகிறேன்,
அப்புறம் உன்னைத் தொடுகிறேன்.

திருகுகள் இட்லித் தட்டில்,
மூடிக்கு ஒரு குழி, டிஸ்க்குக்கு ஒரு குழி.
எந்த ஒயர் எங்கே என்று போனில் நாலு படம்.
சாம்பிராணி நிறத் தூசுக்கு அடியில்
ஒரு பல்லிக்குட்டியின் எலும்பு,
சீப்புப் பல் போல.
யாரும் பிளெக்ஸ் கட்டாத சாவு.

மூலையில் சாம்பல் நிறப் பெட்டி, எஸ்.எம்.பி.எஸ்.
அதைத் திறக்கவில்லை.
ப்ளக்கைப் பிடுங்கியும் உள்ளுக்குள்
மின்சாரத்தை வைத்துக்கொண்டே இருக்குமாம்,
மாசிலாமணி மாதிரி.

ராமின் அடியில் ஒரு வெட்டு.
ஒரு பக்கமாகத்தான் உட்காரும்.
அழுத்தினேன். டக்.
மறுமுனையிலும் கேட்டதாக நினைத்துக்கொண்டேன்.

பீப். பீப். பீப்.
திரை கறுப்பு.
நாளைக்கு வேலை இருக்கிறது,
யாருடையது என்று மட்டும் இன்னும் தெரியாது.
வியர்வை ஒரு சொட்டு மூக்கு நுனியில்;
போர்டின் மேல் விழாமல்
முந்தானை பிடித்துக்கொண்டது.
அவசரப்படாதே என்று எனக்கே சொன்னேன்.
மறுபடி முதலிலிருந்து:
ப்ளக், பட்டன், இரும்பு.
பக்கத்து வீட்டுப் பையனின் ரப்பரால்
பழைய ராமின் பித்தளைப் பற்களைத் தேய்த்துத் துடைத்தேன்.
இந்த முறை இரண்டு கட்டைவிரலும்.
டக்.
டக்.
ஒற்றை பீப்.

திங்கள் காலை ஒன்பது மணிக்கு
பெரியமேட்டிலிருந்து ஒரு பெண்,
அம்மாவின் படத்தைப் போனில் எடுத்து வந்தாள்.
பெயர் சகாயமேரி, வயது ஐம்பத்திரண்டு.
க்ளிக் செய்தேன்.
முழு முகம், ஒரே வீச்சில்,
மூக்குத்தி, உதட்டோர மச்சம்,
நேராகப் பார்க்கும் கண்.
அந்தப் பெண் இன்னும் உட்காரவே இல்லை.
நாற்காலியின் முதுகைப் பிடித்தபடி நின்றாள்.

மானிட்டரை அணைத்தேன்.
"லோட் ஆவுது, கொஞ்சம் நேரமாகும்," என்றேன்,
"தண்ணி குடிங்க."