தண்ணீர்த் தொட்டி பின்புறம்

மன்னவனூர் தாண்டியதும் பேருந்தில்
ஏழு பேர், இரண்டு மூட்டை யூரியா,
ஒரு புது குக்கர், நான்.
நடத்துநர் என்னை விட்டுவிட்டு எண்ணினார்.
பிறகு திரும்பி வந்து
"எந்த வீட்டுக்கு?" என்றார்.

மேலவரையில் இறங்குகிறவர்களுக்கு
ஒரு வீடு இருக்க வேண்டும்.
அதற்கப்பால் சாலை இல்லை, காடு.
வண்டியே ராத்திரி இங்கேதான் படுக்கிறது,
மூக்கில் சாக்குப் போர்த்திக்கொண்டு.

நான் திண்டுக்கல்லில் கடிதம் பிரிக்கிறவள்.
பத்தொன்பது வருஷமாய் மேலவரையின் அறை
மரத்தட்டின் இடது கோடியில், எக்கினால் எட்டும்.
வாரத்துக்கு ஒன்று, இரண்டு.
அடைமழை மாதங்களில் ஒன்றுமில்லை.
ஒரு சித்திரையில், மின்விசிறி நின்றுபோன மதியம்,
அந்தக் காலி அறைக்குள் கை விட்டபோது
அங்கே மட்டும் குளிர்ந்தது.
சிரித்துவிட்டு வேலையைப் பார்த்தேன்.

எனக்குத் தெரிந்த ஊர் இவ்வளவுதான்:
மொக்கத்தேவன், தண்ணீர்த் தொட்டி எதிரில்.
சீரங்காயி, தண்ணீர்த் தொட்டி பின்புறம்.
பொ. வீரணன், தொட்டிக்கு மேல் மூன்றாவது.

தொட்டி இருந்தது.
வெடித்து, பாசி ஏறி,
உள்ளே இரண்டு ஆட்டுக்குட்டிகள் படுத்திருந்தன.
தண்ணீர் இப்போது குழாயில் வருகிறதாம்.
முகவரியை யாரும் மாற்றவில்லை.

டீக்கடையில் "தபால் ஆபீஸ்" என்று சொன்னது தப்பு.
பேச்சு நின்றது.
குல்லாக்காரர் ஒருவர் எழுந்து இடம் விட்டார்,
மரியாதையால் அல்ல.
"சொசைட்டி நோட்டீசா? யார் பேருக்கு?"
அப்போதுதான் உறைத்தது
இத்தனை வருஷம் நான் என்னத்தைப் பிரித்தேன் என்று.
பழுப்பு உறை. கண்ணாடித்தாள் ஜன்னல். கடன் எண்.
"சும்மா பார்க்க வந்தேன்."
"பார்க்க இங்க என்ன இருக்கு?"
கோபமில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டார்கள்.

சீரங்காயி கூட்டிக்கொண்டு போனாள்.
நாற்பது வயதுகூட இராது.
நான்தான் அவளைக் கிழவியாக்கி வைத்திருந்தேன்.
பூண்டு தொங்கும் பரணுக்குக் கீழே பாய்,
இரண்டு கம்பளி, அதற்கு மேல்
வெளியூர் போன புருஷனின் மழைக்கோட்டு.
"பல்லக் கடிக்காதீங்க, தாடை வலிக்கும்,
ஆடுறது ஆடட்டும்" என்றாள் இருட்டிலிருந்து.
ஆடவிட்டேன்.

நாலரைக்கு எழுப்பினாள்.
நிலா வெளிச்சத்தில் கொல்லை முழுக்க வெள்ளை.
உருளைச் செடி ஒவ்வொன்றும்
உப்பில் புரண்டு எழுந்தது போல.
எவ்வளவு அழகு என்று நாக்கு வரை வந்துவிட்டது.
அவள் முகத்தைப் பார்த்து விழுங்கினேன்.

வெயில் தொடுவதற்குள் கழுவியாக வேண்டும்.
வெயில் முந்தினால்
நெருப்பில் காட்டியது மாதிரி இலை கருகும்.
குழாய்க்குள் தண்ணீர் கல்லாய்க் கிடந்தது.
ஓடையில் மொண்டோம்.
மூன்றாவது வாளியில் விரல்கள் என்னை விட்டுப் போயின,
தொட்ட மாத்திரத்தில் ஊர் சொல்லும் விரல்கள்.
பாத்திக்குப் பாத்தி ஆட்கள்.
குல்லாக்காரரும், நேற்று குக்கர் கொண்டுவந்தவளும்.
ஒருவரும் பேசவில்லை.
இலைமேல் தண்ணீர் விழும் சத்தம் மட்டும்.

கீழ்ப் பாத்திகள் தப்பின.
மேலே நாங்கள் ஏறுவதற்குள்
வெயில் ஏறிவிட்டது.
சீரங்காயி கருத்த இலையொன்றைக் கிள்ளி முகர்ந்தாள்.
"கீழ இருக்கறது நமக்கு,
மேல இருக்கறது சொசைட்டிக்கு."
சிரித்தாளா என்று
முக்காட்டுக்குள் தெரியவில்லை.

எட்டு மணி வண்டி.
சாக்கை உதறிக்கொண்டே நடத்துநர் கேட்டார்:
"எந்த வீடுன்னு சொல்லவே இல்லையே?"
"தண்ணீர்த் தொட்டி பின்புறம்."
தலையாட்டி டிக்கெட் கிழித்தார்.
அதை வாங்கிப் பிடிக்க
இரண்டு கையும் வேண்டியிருந்தது.

திங்கட்கிழமை ஒரு பழுப்பு உறை.
பெயரைப் படிக்காமலிருக்கப் பார்த்தேன்.
இடது கோடி.
எக்கி, உள்ளே வைத்தேன்.
வேறெங்கே வைப்பது.