மூக்கையூர், இரண்டு குண்டுகள்

ஏலக்கூடத்துச் சிமெண்டுத் தரையில்
இரண்டு புள்ளிமான்கள்.
நாலு குடம் ஊற்றியும் போகாத நெத்திலி வாடை.
'வேற நிழல் இல்ல மேடம்' என்றார்
வனக்காப்பாளர் கோட்டைச்சாமி.

முதல் மானில் கைவிட்டேன்.
தோளெலும்பு தாண்டி நுரையீரல் தாண்டி
மறுபக்கத் தோலுக்கடியில்
கழலை மாதிரி உருண்டது ஈயம்.
முனை மட்டும் நசுங்கிக் குடை பிடித்திருந்தது.
யாரோ இரும்புக் கரண்டியில் உருக்கி
அச்சில் வார்த்தது.
இடுப்பைச் சுற்றி ஒரு வரப்பு,
அச்சின் இரண்டு பாதியும்
சரியாகப் பொருந்தாத இடம்.
இருபத்தாறு கிராம், முழுசாக.

மற்றதில்
குண்டு என்று ஒன்று இல்லை.
செம்பு உறை வாழைப்பூவாக மடல் பிரிந்து
மடலுக்கு மடல் அறுத்திருந்தது.
உள்ளிருந்த ஈயம் ஈரலெங்கும்
மிளகுத்தூள்.
இடுக்கியால் பொறுக்கி முடிக்கையில்
மதியக் காற்று திரும்பிவிட்டது.
ஏழு கிராம் தேறியது.
மிச்சம் மானோடு குழிக்குள் போகும்;
நாய் தோண்டாமலிருக்க
பினாயில் ஊற்றச் சொன்னேன்.

பெட்டி மேல் ஏறி நின்ற பையன் கேட்டான்,
'எது மேடம் சீக்கிரம் சாகடிக்கும்?'
படிவத்தில் அதற்குக் கட்டம் இல்லை.
செம்பு பட்டது நின்ற இடத்திலேயே மடங்கியதும்
ஈயம் பட்டது உடைமுள்ளுக்குள்
முன்னூறு அடி ஓடியதும்
தடத்தில் தெரிந்ததுதான்.
சொல்லவில்லை.
சொன்னால் இரண்டில் ஒன்று
நல்ல குண்டாகிவிடும்.

தரை எப்போது காலியாகும் என்று கேட்க வந்த
ரொசாலி
ஈயத்தை எடுத்து உள்ளங்கையில் எறிந்து பிடித்தாள்.
'என் வலைமணி இது.
போன மாசம் நாப்பது மணி
அறுத்துட்டுப் போனான் எவனோ.
ஒரு மணிக்கு ஒரு குண்டு,
கணக்கு சரியா வருதே.'
உருகி ஆறியதில் பெயர் ஏது,
எப்படிச் சொல்கிறாய் என்றேன்.
'கனம் தெரியாதாம்மா?'
திருப்பிக் கேட்டாள், குண்டை.
கேஸ் முடியட்டும் என்றார் கோட்டைச்சாமி.
'முப்பத்தொம்பது எங்க?'
அவர் கடலைப் பார்த்தார்.

உறையிலிடுமுன் காகிதத்தில் இழுத்தேன்.
வார்த்த ஈயம் பென்சில் போல
சாம்பல் கோடு விட்டது.
செம்பு விடவில்லை.
அரக்கு வைத்து எண் போட்டேன்: ஒன்று, இரண்டு.

ரொசாலியின் வலை இன்னும்
ஒரு பக்கம் அடி தூக்கித்தான் நிற்கிறதாம்,
நீரோட்டத்தில் அந்த வழியாக
நண்டும் பாறையும் கூடப் போகிறதாம்.
பாறை என்றால் மீன், எனக்கு விளக்கினாள்.

செம்பைக் கேட்டு
யாரும் வரவில்லை.