கிழக்குக் கூகை

டயர் கடை ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு
கல்லாவுக்குப் பின்னால் கணினியில் உட்காருகிறேன்.
தவுக்கேவுக்குத் தெரியும். கரண்டுக்குக் காசு கேட்பதில்லை,
பறவைக்கெல்லாம் என்ன கணக்கு என்று மட்டும் கேட்பார்.
பாத்தாங் பெர்ஜுந்தையில் மழை.
பலகையில் பெஸ்தாரி ஜெயா என்று எழுதிப் பல வருஷமாகிறது.
டயர் மாற்ற வருகிற லாரிக்காரர்கள்
பில்லில் பழைய பெயரைத்தான் போடச் சொல்கிறார்கள்.

இந்த வாரம் கூகையைப் பிரித்துவிட்டார்கள்.
உலகம் முழுக்க ஒரே கூகையாய் இருந்தது
இனி மேற்கில் ஒன்று, அமெரிக்காவில் ஒன்று,
நம்முடையது கிழக்கு.
'ஆல்பா' போய் 'ஜாவானிக்கா'.
செம்பனைக்குள் உட்கார்ந்திருந்ததற்கு
யாரும் கடிதம் போடவில்லை.

முக்கால்வாசிப் பதிவை இயந்திரமே மாற்றிவிடும்.
முரண்டு பிடிப்பவை என்னிடம் வரும்:
தேதி தவறியவை,
கோலசிலாங்கூர் என்று எழுதிவிட்டு
கடலுக்குள் புள்ளி வைத்தவை,
'பூரோங் ஹந்து, ஒன்று, பயந்து ஓடிவிட்டேன்' என்று
ஒரு பள்ளிக்கூடப் பையன் போட்டது.
முந்நூற்றுப் பன்னிரண்டு.

நள்ளிரவில் கிள்ளான் பல்மருத்துவர் லோகேந்திரனிடமிருந்து செய்தி,
மூன்று ஆச்சரியக்குறி.
வேல்ஸில் படித்த காலத்தில் ஒரு கூகை பார்த்தாராம்.
இங்கே ஒன்று பார்த்தார். நேற்றுவரை இரண்டும் ஒன்று.
இன்றைக்கு நாற்காலியை விட்டு எழாமலே
பட்டியலில் ஒன்று கூடிவிட்டது.
வாழ்த்துச் சொன்னேன். பொய்யாக இல்லை.

அப்புறம் எத்திராஜுலு.
தோட்டத்து இரவுக் காவல். நெற்றியில் விளக்கு, ஓட்டை மோட்டார் சைக்கிள்.
கம்பெனி கொடுத்த போனில்
பெரட்டு எடுப்பதுபோல் எடுத்து வைத்திருக்கிறார்:
பெட்டி ஒன்பது, இரண்டு, ஆஜர்.
பெட்டி பதினொன்று, ஒன்று, ஆஜர்.
பெட்டி பதினான்கு, ஆண் வெளியே, பெண் முட்டையில்.
எலி பிடிக்கக் கம்பத்தில் பெட்டி வைத்து வளர்த்த கூகைகள்,
அவருக்கு அவை இன்னொரு ஷிப்டு ஆட்கள்.
குறிப்பில் ஒருமுறை: 'வேலைக்கு லேட்டு.'
ஐந்து வருஷம், அறுநூற்று நாற்பது பதிவு.
வாழ்நாள் பட்டியலில் இனம்: ஒன்று.
பிரித்த பிறகும்
ஒன்று.

அவருடைய பதிவில் ஒன்றே ஒன்று நகரவில்லை.
எண்ணிக்கைக் கட்டத்தில் பூஜ்யம். கூடவே ஒரு படம்.
வெட்டிப்போட்ட மட்டைக் குவியலில் மல்லாந்து,
இதய வடிவ முகம் ஒருபக்கம் சாய்ந்து,
அலகோரத்தில் கறுப்பாய் ரத்தம்.
கீழே:
'பெட்டி 14. பெண். எலிக்கு வைத்த நீல மருந்து.
மேனேஜரிடம் சொல்லியாச்சு. முட்டை நாலு.'
பூஜ்யம் என்றால் படத்தில் இருப்பது என்ன
என்று கேட்டு நிற்கிறது மென்பொருள்.

செத்ததை எண்ணாதே, நீக்கு என்று விதி.
விதிகளைத் தமிழில் எழுதிக் கொடுத்ததே நான்தான்.
கர்சரை 'நீக்கு' மேல் வைத்துவிட்டு
ஒரு மைலோ கலக்கிக் குடித்தேன்.

பிறகு இனத்தை மட்டும் மாற்றினேன்.
உயிரோடிருந்தபோது இல்லாத பெயர்.
பூஜ்யத்தைத் தொடவில்லை.
'சரிபார்க்கப்பட்டது' என்று என் பெயர் விழுந்தது.

மூன்று மணிக்கு அவர் விழித்திருப்பார் என்று
செய்தி போட்டேன்:
உங்கள் கூகைகள் எல்லாம் இனிமேல் கிழக்குக் கூகை,
பயப்பட வேண்டாம், எண்ணிக்கை அப்படியே இருக்கும்.
உடனே பதில்:
'சரிங்க மேடம். அதுங்களுக்குச் சம்பளம் கூடுமா?'

இன்னும் முந்நூற்றுப் பதினொன்று.
ஷட்டருக்கு அடியில் தண்ணீர் வரத் தொடங்கிவிட்டது.
முதலில் டயர்களை மேலே ஏற்ற வேண்டும்.