ஒருமனதாக

செவ்வாயும் வெள்ளியும் மட்டும்
நான் இந்தப் பள்ளிக்கூடத்து ஆள்.
மற்ற நாட்களில் காரைக்குடி டைல்ஸ் கடையில் பில் போடுகிறேன்.
மாதம் நாலாயிரம்.
'பகுதிநேர எழுத்தர், நிர்வாகக் குழு' என்று
வவுச்சரை நானே எழுதி
ம. அமலோற்பவம் என்று நானே கையெழுத்துப் போட்டு
நானே எடுத்துக்கொள்கிற நாலாயிரம்.

ஏழு பேர் வர வேண்டும். நாலு பேர் வந்தால் கோரம்.
மூன்றாவது ஆள் உட்கார்ந்ததும் எல்லாரும் வாசலைப் பார்ப்பார்கள்.
நாலாவது ஆள் சென்னையிலிருந்து
போனில் இருமுவார்.
இருமலை வருகை என்று எழுதிக்கொள்வேன்.

பேசுவதையெல்லாம் எழுதக் கூடாது,
முதல் மாதமே புரிந்துவிட்டது.
வேன் டிரைவர் விஷயத்தில்
சாத்தப்பன் சாரும் செயலரும்
மேசையைத் தட்டிய நாற்பது நிமிடம்
என் பேனாவில் இறங்கும்போது
'விரிவாக விவாதிக்கப்பட்டது.'
ஒருவர் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்து போனால்
'விடைபெற்றார்.'
யாரும் வாயே திறக்கவில்லை என்றால்
'ஒருமனதாக.'

மாணவியர் கழிப்பறைக்குக் கதவு போடுவது
மூன்று முறை ஒருமனதாக நிறைவேறியிருக்கிறது.
பக்கம் 41. பக்கம் 58. பக்கம் 77.
ஒருத்தி உள்ளே போனால் இன்னொருத்தி
சாக்கை விரித்துப் பிடித்துக்கொண்டு
முகத்தைத் திருப்பி நிற்கிறாள்.
அது எந்தப் பக்கத்திலும் இல்லை.

குறிப்பேட்டை மஞ்சள் பையில் போட்டுக்கொண்டு
பஸ் ஏறிப் போய்க் கையெழுத்து வாங்குவதும் என் வேலைதான்.
அன்றைக்குக் கோட்டையூரில்
வயிரவன் சார் வீட்டு வாசலில் மினி லாரி.
வளவுக் கதவுகளைக் கழற்றிக்கொண்டிருந்தார்கள்.
பர்மா தேக்கு. ஆறு பேர் தூக்கியும்
யோசித்து யோசித்து நகர்ந்தது.
முனீஸ்வரன் கோயில் தெருக் கடைக்காரர்
ஒவ்வொன்றிலும் சாக்பீஸால் நம்பர் போட்டார்.
"பங்காளிக எல்லாருக்கும் பிரிக்கணும்ல"
என்றார் சார், நான் கேட்காமலேயே.
பிறகு விலை பேச உள்ளே போனார்.

பக்கம் 83-இன் அடியில் எப்போதும்போல
நாலு வரி இடம் விட்டிருந்தேன்,
யாருக்காவது ஏதாவது பின்னால் நினைவு வரும் என்று.
லாரியின் பின்பலகையில் வைத்து எழுதினேன்:

'உறுப்பினர் திரு. பழ. வயிரவன் அவர்கள்
தமது இல்லத்திலிருந்து கதவு ஒன்றை
நன்கொடையாக வழங்க முன்வந்தார்.
குழு நன்றியுடன் ஏற்றுக்கொண்டது.'

கை நடுங்கவில்லை. எழுத்தும் மாறவில்லை.
அதுதான் பயமாக இருந்தது.

"எங்கம்மா போடணும்?"
காட்டிய இடத்தில் போட்டார்.
ஆறு வருஷத்தில்
ஒரு வரி படித்ததில்லை அவர்.

அடுத்த கூட்டம்.
சென்ற கூட்டக் குறிப்புகளை வாசித்து உறுதி செய்தல்.
வாசிப்பது நான்.
வழக்கமான வேகத்தில்தான் வாசித்தேன்,
கதவு வந்த இடத்தில்கூட மூச்சு எடுக்கவில்லை.
வயிரவன் சார் பாதி வடையைத் தட்டில் வைத்தார்.
என்னைப் பார்த்தார்.
அவர் என் முகத்தைப் பார்த்தது
அன்றைக்குத்தான் என்று நினைக்கிறேன்.
தலைவர் உமையாள் ஆச்சி கை தட்டினார்.
மற்றவர்களும் தட்டினார்கள்.
போன் இருமியது.

"ஆமா, சொன்னேன்ல" என்றார் சார்.

ஒருமனதாக.

திங்கட்கிழமை வந்து இறங்கியதாம்.
செவ்வாய் போய்ப் பார்த்தேன்.
வளவுக் கதவு அல்ல, பின்கட்டில் விறகு அடைத்த அறையின் கதவு,
நீலப் பெயின்ட், கடைக்காரர் கழித்துப் போட்டது.
சாக்பீஸ் 14 இன்னும் அழியவில்லை.
மூடினால் பள்ளிக்கூடம் முழுக்கக் கேட்கிறது.
தாழ்ப்பாள் மட்டும் பெரியவர்கள் உயரத்தில்.
ஆறாம் வகுப்புக்கு எட்டவில்லை.
வெளியே ஒருத்தி, சாக்கு இல்லாமல்,
கதவில் முதுகைக் கொடுத்து நிற்கிறாள்.

வெள்ளிக்கிழமைக் கூட்டத்துக்கு
நிகழ்ச்சி நிரல் தயார்.
'பகுதிநேர எழுத்தர் பணியிடம் தொடர்வது குறித்து'
என்று ஒன்றைச் சேர்க்கச் சொன்னார் செயலர்,
என்னைப் பார்க்காமல்.
பொருள் எண் நாலு.
அதற்கு நான் எழுந்து வெளியே போக வேண்டும், விதி.
அப்போது யார் எழுதுவது என்று விதியில் இல்லை.

தாழ்ப்பாளை மூன்றில் வைத்திருக்கிறேன்.