மௌனசாமியின் ஒலிபெருக்கி

என் பெயர் மௌனசாமி. சிரிக்கலாம்,
பகோவில் எல்லோரும் சிரித்து முடித்தாயிற்று.
சைக்காவில் ஒலிபெருக்கி கட்டி
தெருத்தெருவாய்க் கத்துவது என் பிழைப்பு.
பாதி பர்மியம், பாதி தமிழ்.
சாவு, சோப்புத்தூள், கோயில் தீமிதி
எதற்கும் ஒரே கூலி.

சித்திரையில், தண்ணீர்த் திருவிழா முடிந்த வாரம்,
ஆறு ஒரு பழைய கயிறுபோல் கிடந்தது.
கன்னத்துத் தனக்கா பூசிய நொடியே வெடித்தது.
காகங்கள் வாய் மூட மறந்தன.
தொண்டர் சங்கத்தார் ஒரு தாள் தந்தார்கள்:
*பதினொன்று முதல் நான்கு வரை வெயிலில் போகாதீர்.
தாகம் வருமுன் குடியுங்கள்.
தலை சுற்றினால், பேச்சு குழறினால்
நிழலில் கிடத்துங்கள். கழுத்தில், அக்குளில் ஈரத்துணி.*

பதினொன்று முதல் நான்கு வரை
வெயிலில் போய் அதைக் கத்தினேன்.

மூன்றாம் நாள், சந்தை முக்கு.
'பேச்சு குழறினால்' என்கிற இடத்தில்
எனக்குப் பேச்சு குழறியது.
பிறகு தெரிந்ததெல்லாம்
ஐஸ் உடைக்கும் தாவீதம்மாளின் ஈர லுங்கி,
தேநீர்க் கடை மா சீனின் விசிறி,
யாரோ சொன்னது:
"அக்குள்ள வைடி, இவன்தானே சொன்னான்."
கேட்டிருக்கிறார்கள்.
இருபது வருடத்தில்
என் பேச்சை யாரோ கேட்டது
அன்றுதான் எனக்குத் தெரியும்.

ஆடியில் ஆறு எழுந்தது.
சிவப்பாய், அவசரமில்லாமல்,
வாடகை கேட்க வருகிறவன்போல்.
இந்த முறை தாள் வருமுன்னே கிளம்பினேன்:
மெயின் சுவிட்சை அணையுங்கள்.
அட்டைகளைப் பிளாஸ்டிக்கில் கட்டுங்கள்.
ஓடும் தண்ணீரில் முழங்கால்கூட நம்பாதே.
பொங்கி மடத்து மேட்டுக்கு ஏறு, இப்போதே ஏறு.

ஆட்டுக்கார இரத்தினவேலு கதவோரம் நின்று
"வருசா வருசம் வர்றதுதானே" என்றான்.
நான் ஒலிபெருக்கியை நிறுத்தினேன்.
இறங்கிப் போய்
அவன் ஆட்டில் ஒன்றைத் தோளில் தூக்கினேன்.
மற்ற ஏழும் கத்திக்கொண்டே பின்னால் வந்தன.
அவனும் திட்டிக்கொண்டே வந்தான்.

இரவு மடத்தில் நூற்றுப் பன்னிரண்டு பேர்.
சைக்கா எங்கோ மிதந்துகொண்டிருந்தது,
ஒலிபெருக்கியும் அதோடு.
இருட்டில் வெறும் தொண்டையால்
பெயர் பெயராய்க் கூப்பிட்டேன்.
மா சீன். இருக்கேன்.
இரத்தினவேலு. இருக்கேன், ஆடும் எட்டு இருக்கு.
தாவீதம்மாள்.

தாவீதம்மாள்.

தகரத்தில் மழை மட்டும்.
பிக்கு ஒருவர் டார்ச்சைச் சுற்றிக் காட்டினார்.
கடைசி வரிசை, தூணுக்குப் பின்னால்,
வாய் நிறையச் சோறு.
பேச முடியாமல்
கையை மட்டும் தூக்கினாள்.