சாய்ந்த வெளிச்சம்

லிஃப்ட் விளக்கை நம்பக் கூடாது.
தலைக்கு நேர் மேலே எரியும்;
கன்னத்துக் குழி ஒவ்வொன்றிலும்
ஒரு சொட்டு இருட்டு ஊற்றும்.
அதனால் பதினேழு வருஷமாகப் படிக்கட்டுதான்.
க்டினியாவில் எந்தக் காப்பிக்கடையில்
எந்த நாற்காலிக்கு நேரெதிரே சன்னல்
என்று என்னைக் கேளுங்கள்.

கப்பல் பட்டறையில் நான் வெல்டர்.
உப்புத் தின்ற தகட்டில் குழி தேடும்போது
டார்ச்சைப் படுக்கைவாட்டில் பிடிப்போம்.
நேர் வெளிச்சம் முகத்தாட்சண்யம் பார்க்கும்.
சாய்ந்தது காட்டிக்கொடுத்துவிடும்.
டாக்டர் ஒல்ஷெவ்ஸ்கா அறை விளக்கை அணைத்து
என் காதோரம் ஒரு சின்ன டார்ச்சைச் சாய்த்தபோது
அட, நம்ம ஆள் என்று நினைத்தேன்.

நிரப்பிவிடுங்கள் என்றேன்.
நிரப்பு, தேய், வண்ணம் அடி:
எனக்குத் தெரிந்த வைத்தியம் அவ்வளவுதான்.

"இது பள்ளமில்லை, யாத்விகா. இழுப்பு.
அடியில் ஒரு நார் தோலைக் கட்டி வைத்திருக்கிறது.
அறுத்துவிட்டால் தானே எழும்."
எல்லாமே அப்படியில்லையாம்.
மூக்கருகே ஊசி இறங்கினாற்போல் ஏழெட்டு;
அவற்றுக்குப் பல்குச்சி முனையில் அமிலம்,
தொட்ட இடம் உறைபனியாய் வெளுக்கும்.
தாடையோரம் செங்குத்துச் சுவரோடு சில;
அதற்கு லேசர், பிறகு, பணமிருந்தால்.
நிரப்பும் ஜெல்லும் உண்டு,
ஒரு வருஷத்தில் கரைந்துவிடும்.
வாடகைக் கன்னம்.

"முழுசாய்ப் போகுமா?"
"பாதி."
பாதி என்று சொன்ன முதல் ஆள் அவள்.
களிம்பு விற்றவர்கள் எல்லோரும்
முழுசைத்தான் விற்றார்கள்.

மரத்த கன்னத்துக்குள் ஊசி
இடவலமாய்ப் போய் வந்தது.
வலி இல்லை, சத்தம் இருந்தது.
நனைந்த கித்தானைக் கிழிக்கிற சத்தம்,
தாடையெலும்பு வழியாகக் காதுக்குள்.
ஒவ்வொரு நறுக்குக்கும் ஒரு வயசு வந்தது.
பதினாறு: பள்ளிப் புகைப்படம், கடைசி வரிசை.
பத்தொன்பது: ஒலெக்,
முத்தத்துக்கு முன் விளக்கை அணைத்தவன்.
அணைத்தது அவனா நானா,
இப்போது யோசித்தால் நிச்சயமில்லை.

மறுநாள் இரண்டு கன்னமும் பீட்ரூட்.
முகமூடிக்குள் யாருக்குத் தெரியும் என்று வேலைக்குப் போனேன்.
மத்தியானம் சூப்புக்குக் கழற்றினேன்.
மேசையில் கரண்டிச் சத்தம் நின்றது.
ஃபோர்மன் ஸ்வாவோமிர்,
மூன்று வருஷத்தில் ராடு கணக்கு தவிர
என்னிடம் வேறெதுவும் பேசாதவர்,
போகிற போக்கில் தட்டோரம் ஒரு தாளை வைத்தார்.
ஒரு தொலைபேசி எண். அடியில்,
"ராத்திரியிலும் எடுப்பார்கள்.
என் தங்கைக்கு எடுத்தார்கள்."

யாரும் அடிக்கவில்லை,
காசு கொடுத்துக் குத்திக்கொண்டேன்
என்று சொல்லத்தான் எழுந்தேன்.
அவர் கிரேனை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார்.
கிரேனில் ஒன்றும் தொங்கவில்லை.
திரும்பி வந்து ஆறின சூப்பைக் குடித்தேன்.
சிரிப்பு வந்தது; சிரித்தால் வலித்தது.

நீலம் மஞ்சளாயிற்று. மஞ்சளும் போயிற்று.
நவம்பரில் இரண்டாம் தடவை.
வலது எழுந்திருக்கிறது,
இடது இன்னும் யோசிக்கிறது.

நேற்று உருளைக்கிழங்கு மூட்டையோடு நிற்கையில்
லிஃப்ட் திறந்தது. ஏறிவிட்டேன்.
விளக்கு தன் வேலையைப் பார்த்தது.
மூன்றாம் மாடி வரை கண்ணாடிக்கு முதுகு.
நான்கில் திரும்பினேன்.
பாதிதான். சொன்ன சொல் மாறாதவள்.

வீடு எனக்கு ஏழில்.
ஐந்தில் ஒருத்தி இருக்கிறாள்,
வெயிலே இல்லாத இந்த மாசத்திலும்
குப்பை கொட்டக் கறுப்புக் கண்ணாடி போட்டு வருகிறவள்.
தாள் இன்னும் என் பர்ஸில்தான்.
கதவு ஐந்தில் திறந்தது.
பொத்தானை அழுத்தியிருந்தது நான்தான்.