மூன்றாம் பருவம்

திருத்துறைப்பூண்டி ரஹ்மத் ஜெராக்ஸ்.
எனக்கு முன்னால் ஒரு சிட்டா நகல், ஒரு காதுகுத்துப் பத்திரிகை.
பிறகு ஜமீலா,
பள்ளியில் எனக்கு இரண்டு வருஷம் மூத்தவள்,
என் ஆறு மார்க் ஷீட்டையும்
சீட்டுக்கட்டு போல விரித்தாள்.

எழுபத்தொன்று. அறுபத்தெட்டு.
முப்பத்தொன்பது.
அங்கே விரல் நின்றது.
"என்னடி ஆச்சு இதுல?
மொத்தமா சராசரி போட்டுடலாம், அறுபத்தேழு.
கண்ண உறுத்தாது."

சராசரியை எங்கள் வீட்டுக்கு நன்றாகத் தெரியும்.
கடைமடையில் எங்கள் ஒன்றரை ஏக்கர் பதராய்ப் போன வருஷம்
பிர்கா சராசரியில் நல்ல விளைச்சல் என்று எழுதினார்கள்.
காப்பீடு வரவில்லை.
அப்பா அந்தக் கடிதத்தை
டிராக்டர் வாடகைச் சீட்டோடு கம்பியில் குத்திவைத்தார்.
சராசரி வேண்டாம் என்றேன்.

"அப்ப புயல்னு ஒரு வரி போடு.
கஜாவுல வீடு போச்சுன்னு.
தஞ்சாவூர்ல எவன் தேதி பாக்கப் போறான்?"

புயல் ஐந்தாம் பருவத்தில் வந்தது.
ஓடு பறந்து, பதினெட்டு நாள் கரண்ட் இல்லாமல்,
விழுந்த தென்னையின் மேல் உட்கார்ந்து
ரியல் அனாலிசிஸ் படித்தேன்.
எண்பத்துநான்கு.
அந்த வரியைப் பற்றி யாரும் எதுவும் கேட்பதில்லை.

மூன்றாம் பருவத்தில் புயல் இல்லை.
ஆற்றில் தண்ணீர் தாமதமாக, ஆனாலும் வந்தது.
வீட்டில் யாரும் சாகவில்லை.
காதலா என்றால் அதுவும் இல்லை,
இருந்திருந்தால் ஒரு காரணமாவது மிஞ்சியிருக்கும்.
காலையில் பஸ் ஏறுவேன். மன்னார்குடியில் இறங்காமல்
கும்பகோணம் வரை போய்
அதே பஸ்ஸில் திரும்புவேன்.
ஜன்னல் கம்பியில் நெற்றி இடிக்கும்.
நோட்டைத் திறந்தால் எழுத்து எழுத்தாகத் தெரியும்,
சொல்லாகச் சேராது.
அம்மாவிடம் தலைவலி என்றேன். அது பொய்கூட இல்லை.

பயோடேட்டாவில் இதற்கு எந்தக் கட்டம்?

ஜமீலா கர்சரைக் கொஞ்ச நேரம் துடிக்கவிட்டாள்.
பிறகு மேலே போய்
செங்கொடி என்ற என் பெயரை ஒரு அளவு பெரிதாக்கினாள்,
கேட்காமலே.
கீழே ஆறு வரி. மூன்றாவதைத்
தடிப்பாக்கவும் இல்லை, சின்னதாக்கவும் இல்லை.
நான்காவதன் பக்கத்தில் மட்டும்
'நிலுவைத் தாள் மூன்றும் ஒரே முறையில் தேர்ச்சி.'
அது நான் சொன்ன வரி. சொல்லும்போது
என் குரல் கொஞ்சம் ஏறியது.

ஐந்து பிரதி, ஐம்பது ரூபாய்.
"திருத்தம் இருந்தா இப்பவே சொல்லு,
அப்புறம் வந்தா தனி காசு."
சூடு ஆறாத தாளை மேலிருந்து கீழே பார்த்தேன்.
அலைபேசி எண்ணில் ஒரு ஏழு
ஒன்றாகியிருந்தது.
அதை மட்டும் மாற்றச் சொன்னேன்.